உழுது அழித்த பருத்தி

1933ஆம் ஆண்டுக் கோடையில் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென் மாநிலங்களில் ஒரு விந்தை நடந்தது. வயலில் நன்கு வளர்ந்து நின்ற பருத்தியை உழவர்களே ஏர் பூட்டி உழுது அழித்தார்கள். செடியை மிதிக்காமல் வரிசைகளுக்கு இடையே நடக்கப் பழக்கப்பட்ட கோவேறு கழுதைகள், செடியின் மேல் கால் வைக்க மறுத்து நின்றன என்று அக்காலத்தில் பலரும் எழுதினர். அழித்தவர்களுக்கு அரசாங்கம் பணம் கொடுத்தது. இது ஏன் என்று நீங்கள் கேட்கலாம்.

1929இல் ஒரு பவுண்டு பருத்தி சுமார் 17 சென்ட் விற்றது. 1931இல் அது 6 சென்டுக்கும் கீழே இறங்கிவிட்டது. விளைச்சலைக் குறைத்தால் விலை ஏறும் என்று கருதிய ரூசுவெல்ட் அரசு, 1933 மே 12 அன்று வேளாண்மைச் சீரமைப்புச் சட்டத்தைக் கொண்டு வந்தது. அதற்குள் விதைப்பு முடிந்திருந்தது. ஆகவே அவ்வாண்டு சுமார் 1 கோடி ஏக்கர் பருத்தி அழிக்கப்பட்டது. உழவர்களுக்கு 10 கோடி டாலருக்கு மேல் வழங்கப்பட்டது. விலையும் ஏறியது.

பணம் யாருக்கு?

தென் மாநிலங்களில் நிலத்தில் பாடுபட்டவர்களில் பலருக்குச் சொந்த நிலம் இல்லை. அவர்கள் வாரக் குடிகள். வீடு, விதை, கழுதை, கருவி எல்லாம் நிலக்காரருடையவை, உழைப்பு குடியானவருடையது, விளைச்சலில் ஆளுக்குப் பாதி.

1934ஆம் ஆண்டு ஒப்பந்தத்தைப் பாருங்கள். தரிசாக விட்ட நிலத்துக்கு, அதன் வழக்கமான விளைச்சலைக் கணக்கிட்டு, பவுண்டுக்கு 3.5 சென்ட் வாடகை. ஓர் ஏக்கரில் 200 பவுண்டு விளையுமானால் 7 டாலர். இதில் வாரக் குடிக்குப் பங்கே இல்லை. இதைத் தவிர பவுண்டுக்கு 1 சென்ட் ஈட்டுத்தொகை உண்டு. அதில்தான் அவருக்குப் பாதி. அதுவும் விளைச்சலில் ஒரு பகுதிக்கு மட்டுமே.

அதே ஏக்கரில் பயிரிட்டிருந்தால்? பவுண்டு 10 சென்ட் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 20 டாலர். குடியானவருக்கு 10 டாலர் கிடைத்திருக்கும். தரிசு நிலம் நிலக்காரருக்கு வாடகை தந்தது. குடியானவருக்கோ வேலையைப் பறித்தது.

பாயின்செட் மாவட்டம்

ஆர்க்கன்சா மாநிலத்தின் கிழக்கே உள்ளது இம்மாவட்டம். காடழித்து, சதுப்பை வடித்து உருவாக்கிய பருத்தி நிலம் இது. நிலம் குறைந்ததும் குடிகள் வெளியேற்றப்பட்டனர். 1934 ஜூலையில் டைரன்சா என்னும் சிற்றூருக்கு அருகே 18 பேர் ஒரு பள்ளிக் கட்டடத்தில் கூடித் தென்னகக் குத்தகை உழவர் சங்கத்தைத் தொடங்கினர். அவர்களில் 11 பேர் வெள்ளையர், 7 பேர் கறுப்பர். நிறவெறி கோலோச்சிய அந்நாளில் இரு நிறத்தாரும் ஒரே சங்கத்தில் சேர்ந்தது பெரிய துணிவு.

குடிகளின் எண்ணிக்கையை இயன்றவரை குறைக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தின் 7ஆம் பிரிவு கூறியது. 'இயன்றவரை' என்ற சொல் நிலக்காரருக்கு வசதியாயிற்று. அதே ஆட்களையே வைத்திருக்க வேண்டும் என்று அத்துறையின் சட்ட அலுவலர்கள் பொருள் கூறினர். விளைவு என்ன தெரியுமா? 1935 பிப்ரவரியில் அவர்களின் தலைவர் ஜெரோம் ஃபிராங்க் உட்படப் பலர் பதவி இழந்தனர்.

காலம் கடந்த திருத்தம்

1936 ஜனவரி 6 அன்று உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தின் வரியையும் உற்பத்திக் கட்டுப்பாட்டையும் செல்லாதவை என்று தீர்ப்பளித்தது. 1938இல் வந்த புதிய சட்டம், குடிகளைக் குறைத்து நிலக்காரர் தம் தொகையைக் கூட்டிக்கொள்ள இயலாதபடி விதி செய்தது. ஆனால் அதற்குள் மானியப் பணத்தில் டிராக்டர்கள் வந்துவிட்டன. குடியானவராக இருந்தவர் பலர் நாட்கூலிகளாயினர். இன்னும் பலர் ஊரைவிட்டே போயினர்.

மானியம் விலையை ஏற்றியது உண்மை. ஆனால் நிலத்தைக் கணக்கிட்டுக் கொடுத்த பணம் நிலம் உடையவரிடமே சென்றது. இனி எந்த மானியத்தைப் பற்றிப் படித்தாலும், எவ்வளவு என்பதோடு, காசோலையில் யார் பெயர் எழுதப்படுகிறது என்றும் கேளுங்கள்.