கறைப்பல்லும் வெற்றிலைச் சுண்ணாம்பும்

பென்னாகரம், பாலக்கோடு பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் பலருடைய பற்களில் பழுப்புத் திட்டுகளைக் காணலாம். வேப்பங்குச்சிக்கும் போகாது, பற்பசைக்கும் போகாது. பல் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருந்த பிள்ளைப் பருவத்திலேயே, தர்மபுரியின் கிணற்று நீரிலிருந்த ஃபுளூரைடு எனாமலில் போட்டுவிட்ட கறை அது.

அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊருக்கு 1901-இல் வந்த பல் மருத்துவர் ஃபிரடெரிக் மெக்கேயும் இப்படியொரு கறையைப் பார்த்துக் குழம்பினார். கறை படிந்த பற்களில் சொத்தை குறைவாக இருந்ததுதான் விந்தை. ஃபுளூரைடுதான் காரணம் என்று 1931-இல் தெரிந்தது. 1937-இல் ஷார்ட் என்ற ஆய்வாளரின் குழுவினர் மெட்ராஸ் மாகாணத்திலும் ஃபுளூரோசிஸ் என்னும் இந்த ஃபுளூரைடு பாதிப்பு இருப்பதைப் பதிவு செய்தார்கள். அளவோடு இருந்தால் ஃபுளூரைடு எனாமலை உறுதியாக்கும். பாக்டீரியா சர்க்கரையை அமிலமாக்கும் வேகத்தையும் மட்டுப்படுத்தும். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வைத்த வரம்பு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். அதை வெகுவாகத் தாண்டினால் எனாமல் குழிவிழுந்து பெயரும். காவல்காரனே கதவைத் திறந்துவிட்ட கதை.

அப்படித் திறந்த வழியில் கிருமி பல்லின் உள்கூழ் வரை போய்விட்டால் மிஞ்சுவது வேர் சிகிச்சைதான். அங்கே கைகொடுக்கும் பொருள்களில் பாதி நம் வீட்டில் புழங்குபவை.

முதலில் சுண்ணாம்பு. வெற்றிலையில் கொஞ்சம் கூடுதலாகத் தடவினால் நாக்கு வெந்துபோகும் அதே பொருள்தான் கால்சியம் ஹைட்ராக்சைடு. 1920-இல் ஜெர்மனியின் பெர்ன்ஹார்ட் ஹெர்மன் அதைப் பல் மருத்துவத்துக்குக் கொண்டுவந்தார். அதன் காரத்தன்மை ஏறக்குறைய 12.5 பிஎச். பாக்டீரியாவின் சவ்வும் புரதமும் அந்தக் காரத்தில் சிதைந்துவிடும். ஆனாலும் என்டரோகாக்கஸ் ஃபீகாலிஸ் என்ற கிருமி மசிவதில்லை. பல்லின் நுண்குழாய்களுக்குள் ஒளிந்துகொண்டு, தன் உடலுக்குள் அமிலத்தை இழுத்துக் காரத்தைச் சமன்செய்து பிழைக்கும். போதாக்குறைக்குப் பல்லின் டென்டினே காரத்தின் வீரியத்தைக் குறைத்துவிடும். மருத்துவர் மருந்தை வைத்து அடைத்து, சில நாள் கழித்து வரச்சொல்வது சுண்ணாம்பு நிதானமாக வேலை செய்வதால்தான்.

அடுத்து வரும் சோடியம் ஹைப்போகுளோரைட்டுக்குப் போர்க்களப் பின்னணி உண்டு. முதல் உலகப்போரில் ஹென்றி டேக்கின் இதன் நீர்த்த கரைசலைக் காயங்களைக் கழுவப் பயன்படுத்தினார். 1936-இல் வாக்கர் என்பவர் அதைப் பல்லின் வேர்க்குழாய்க்குப் பரிந்துரைத்தார். கிருமியைக் கொல்வதோடு செத்த திசுவையும் கரைப்பது இதன் தனிச்சிறப்பு. வேர்நுனியைத் தாண்டிக் கசிந்தால் உயிருள்ள திசுவையும் விடாது.

பல்வலிக்குப் பாட்டி கடிக்கச் சொல்லும் கிராம்பின் யூஜெனால், துத்தநாக ஆக்சைடோடு குழைந்து அடைப்புப் பசையாகிறது. அதற்கும் கிருமியை அடக்கும் குணம் உண்டு. குழாயை நிரப்பும் குட்டா பெர்ச்சாவோ மலாய்க் காட்டு மரத்தின் பால். ஒரு காலத்தில் கடலடித் தந்திக் கம்பிக்கு உறை போட்டது. கிருமியைக் கொல்வதில் அதற்குப் பெரிய பங்கில்லை. கிருமி திரும்பி வராமல் வழியை அடைப்பதே அதன் வேலை.

தர்மபுரியில் கறையை அதன் மூலத்திலேயே தடுக்கும் முயற்சி தண்ணீரில் தொடங்கியது. ஜப்பான் கடனுதவியுடன் 2008-இல் அடிக்கல் நாட்டிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், 2013-இல் காவிரியைக் குழாய்க்குக் கொண்டுவந்தது. அந்த ஆண்டில் பிறந்த பிள்ளைகளுக்குப் பால்பல் விழுந்து நிலையான முன்பற்கள் முளைத்தது 2020 வாக்கில்தான்.