வீட்டுத் தையல் இயந்திரத்தின் வரலாறு

வீட்டுத் தையல் இயந்திரம் என்பது மேல்நூல், கீழ்நூல் என்னும் இரு நூல்களைத் துணியின் நடுவே ஒன்றோடொன்று கொளுவிப் பூட்டுத்தையல் போடும் கருவி. கையாலோ காலாலோ மின்சாரத்தாலோ இது இயக்கப்படுகிறது. இன்று வீடுகளில் உள்ள இயந்திரத்தின் அடிப்படை அமைப்பு 1830களுக்கும் 1850களுக்கும் இடையில், பெரும்பாலும் அமெரிக்காவில், உருவானது. இதை ஒருவரின் கண்டுபிடிப்பு என்று சொல்ல முடியாது. ஊசி மாட்டுவது தொடங்கித் துணியின்மேல் பாதத்தை இறக்குவதுவரை தைப்பவர் கை படும் உறுப்புகள் வெவ்வேறு ஆட்களிடமிருந்து வந்தவை. அவர்களுள் சிலர் ஒருவர்மேல் ஒருவர் வழக்குத் தொடுத்தவர்கள்.

தொடக்க முயற்சிகள்

1790இல் தாமஸ் செயின்ட் என்னும் ஆங்கிலேயர் தோல் தைப்பதற்கான இயந்திரம் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். அந்த வரைபடம் காப்புரிமைக் கட்டுகளுக்குள் கிடந்து, 1870களில்தான் மீண்டும் கண்ணில் பட்டது. எனவே பின்னால் வந்த எவரும் அதைப் பார்த்துச் செய்தார்கள் என்று கருத இடமில்லை.

நடைமுறையில் வேலை செய்த முதல் இயந்திரம் பிரெஞ்சுத் தையல்காரர் பார்த்தெலமி திமோனியேவினுடையது. 1830இல் காப்புரிமை பெற்ற அது, கொக்கி போன்ற ஊசியால் ஒற்றை நூலில் சங்கிலித்தையல் போட்டது. அரிசி மூட்டையின் வாய்த்தையலில் சரியான நுனியைப் பிடித்து இழுத்தால் முழுத்தையலும் ஒரே இழுப்பில் பிரிந்து வருகிறதே, அந்தத் தையல்தான் இது. பாரிசில் 80 இயந்திரங்களுடன் படைவீரர்களின் சீருடை தைக்கும் பட்டறை அமைந்தது. 1831இல் தையல்காரர்கள் கூட்டமாகப் புகுந்து அவற்றை உடைத்துப் போட்டனர். திமோனியே 1857இல் வறுமையில் இறந்தார்.

உடைத்தவர்களை முன்னேற்றத்தின் எதிரிகள் என்று எழுதிவிட்டுப் போவது எளிது. ஆனால் அக்காலத் தையல் கூலி நாள் முழுவதும் ஊசி பிடித்தாலும் வயிற்றுக்குப் போதாத கூலி. இலண்டனில் சட்டை தைக்கும் பெண்களின் அவலத்தைப் பாடிய தாமஸ் ஹூட்டின் கவிதை 1843இல் வெளிவந்து நாடெங்கும் பேசப்பட்டது. அந்தக் கூலியும் போய்விடும் என்ற அச்சம் காரணமற்றதன்று. நியூயார்க்கில் வால்டர் ஹண்ட் 1830களின் முற்பகுதியிலேயே இரு நூல் கொண்டு பூட்டுத்தையல் போடும் இயந்திரத்தைச் செய்துவிட்டார். ஏழைத் தையல் பெண்களின் பிழைப்பு கெடும் என்று அவருடைய மகள் தயங்கியதால் அதைக் கைவிட்டார் என்று சொல்லப்படுகிறது. காரணம் எதுவானாலும் அவர் அப்போது காப்புரிமை கோரவில்லை. இன்று நாம் பயன்படுத்தும் சேஃப்டி பின்னும் அவர் செய்ததே.

ஊசிக்கண் இடம் மாறியது

கைத்தையலில் ஊசியின் காது பின்முனையில் இருக்கும். ஊசி முழுவதும் துணிக்குள் புகுந்து மறுபக்கம் வெளிவர வேண்டும். இந்தக் கையசைவை இயந்திரத்துக்குக் கற்பிக்க முயன்றவர்கள் வெற்றி பெறவில்லை. காதைக் கூர்முனைக்கு அருகில் கொண்டுவந்ததும் ஊசி பாதி இறங்கி ஏறினாலே போதும் என்றாயிற்று. ஊசி சற்றே மேலேறும்போது துணிக்கடியில் நூல் ஒரு சிறு கண்ணியாக உப்பும். அந்தக் கண்ணிக்குள் கீழ்நூலைக் கடத்திவிட்டால் பூட்டு விழுந்துவிடும். தறியில் நாடா ஊடை இழையைக் கொண்டு ஓடுவதைப்போல, கீழ்நூலைச் சுமந்து ஓடும் சிறு ஓடம் இதற்குப் பயன்பட்டது.

காது முனையிலுள்ள ஊசியையும் ஓடத்தையும் இணைத்த இயந்திரத்துக்கு மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த எலியாஸ் ஹோவ் 1846 செப்டம்பர் 10 அன்று காப்புரிமை பெற்றார். அதற்கு முந்தைய ஆண்டு பாஸ்டனில் ஐந்து தையல் பெண்களுடன் போட்டியிட்டு அவர்களை விட வேகமாகத் தைத்துக் காட்டியும் வாங்க ஆள் இல்லை. அதில் துணி செங்குத்தாகத் தொங்கியது; சிறிது தூரம் நேராகத் தைத்ததும் நிறுத்தித் துணியை மறுபடி மாட்ட வேண்டும். ஹோவ் இங்கிலாந்து சென்று, அந்நாட்டு உரிமையை வில்லியம் தாமஸ் என்பவருக்கு 250 பவுனுக்கு விற்றார். கையில் காசின்றி நாடு திரும்பியபோது, அவருடைய ஊசியையும் ஓடத்தையும் கொண்ட இயந்திரங்களை அங்கே பலர் விற்றுக்கொண்டிருந்தனர்.

அவர்களுள் ஒருவர் ஐசக் மெரிட் சிங்கர். நாடக நடிகராக ஊர் ஊராகத் திரிந்தவர். அவர் 1851இல் காப்புரிமை பெற்ற இயந்திரத்தில்தான் இன்றைய வடிவம் தெரிகிறது: படுக்கையான மேடை, மேலிருந்து நேராக இறங்கும் ஊசி, துணியை அழுத்திப் பிடிக்கும் பாதம், நிறுத்தாமல் நீளமாகவும் வளைவாகவும் தைக்கும் வசதி. துணியை நகர்த்தும் முறையைச் செம்மைப்படுத்தியவர் ஆலன் வில்சன். மேடைக்கடியிலுள்ள பற்கள் எழும்பி, துணியை ஒரு தையல் அளவு தள்ளி, தாழ்ந்து, பழைய இடத்துக்குத் திரும்பும் நால்வகை அசைவுக்கு அவர் 1854இல் காப்புரிமை பெற்றார். ஓடத்துக்குப் பதிலாகச் சுழலும் கொக்கியைக் கொண்டுவந்தவரும் அவரே.

வழக்குகளும் கூட்டு ஒப்பந்தமும்

ஹோவ் வழக்குத் தொடுத்தார். சிங்கர் தரப்பு, முதலில் செய்தவர் ஹண்ட் என்று காட்ட அவரையே தேடிப் பிடித்தது. ஹண்ட் முன்பே செய்தது உண்மை என்றாலும் உரிய காலத்தில் உரிமை கோராததால் அந்த வாதம் எடுபடவில்லை. 1854இல் ஹோவ் வென்றார். ஆனால் ஒருவருடைய காப்புரிமையை மீறாமல் இன்னொருவர் முழு இயந்திரம் செய்ய முடியாத நிலை தொடர்ந்தது. 1856இல் ஹோவும், சிங்கர், வீலர் அண்ட் வில்சன், குரோவர் அண்ட் பேக்கர் ஆகிய மூன்று நிறுவனங்களும் தம் உரிமைகளை ஒன்றாகச் சேர்த்தன. இயந்திரம் ஒன்றுக்கு ஹோவுக்கு முதலில் 5 டாலர் கிடைத்தது. கடைசிக் காப்புரிமை முடிந்த 1877 வரை இந்தக் கூட்டு நீடித்தது. அதற்குப் பின்னரே போட்டி பெருகி விலை நன்றாக இறங்கியது.

தவணையில் வந்த இயந்திரம்

தொடக்கத்தில் 100 டாலருக்கு மேல் விற்ற இயந்திரம் சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாத பொருள். சிங்கரின் கூட்டாளியான வழக்கறிஞர் எட்வர்ட் கிளார்க் 1856இல் தவணை முறையைக் கொண்டுவந்தார். சிறு முன்பணம் கட்டி வீட்டுக்கு எடுத்துச்சென்று, மாதாமாதம் தொகை செலுத்தலாம். இயந்திரம் வீட்டுக்குள் நுழைந்ததற்கு எந்தத் தொழில்நுட்பத் திருத்தத்துக்கும் குறையாத பங்கு இதற்கு உண்டு. கையால் 14 மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும் ஆண் சட்டை ஒன்றே கால் மணி நேரத்தில் முடியும் என்று வீலர் அண்ட் வில்சன் கணக்கு வெளியிட்டது. விற்பனையாளரின் கணக்கு என்பதை நினைவில் கொண்டாலும், கைத்தையலுக்கும் இயந்திரத்துக்கும் இருந்த இடைவெளி பெரிது. கூலிக்குத் தைத்த பெண்களுக்கு இந்த லாபம் முழுதாகக் கிடைக்கவில்லை. ஒரு சட்டைக்கான கூலி குறைந்தது. பலர் இயந்திரத்தையும் தாமே தவணையில் வாங்க வேண்டியிருந்தது.

இயந்திரத்தை அமைக்கும் முறை

மேற்கண்ட வரலாறு நூல் கோக்கும் வரிசையில் அப்படியே தெரியும். வீட்டு இயந்திர ஊசியின் தண்டில் ஒருபுறம் தட்டையாக இருக்கும். ஊசியின் ஒரு பக்கத்தில் நீண்ட பள்ளம் ஓடும். மறுபக்கத்தில் காதுக்குச் சற்று மேலே சிறு குழிவு இருக்கும். ஊசி இறங்கும்போது நூல் நீண்ட பள்ளத்தில் பதிந்து வரும். குழிவுள்ள பக்கத்தில்தான் கொக்கி கண்ணியைப் பிடிக்கும். எனவே நீண்ட பள்ளமுள்ள பக்கத்திலிருந்தே நூலைக் கோக்க வேண்டும். ஊசி திரும்பியிருந்தால் இயந்திரம் ஓடும், தையல் விழாது. தொழிற்சாலை ஊசிகளின் தண்டு உருண்டையாக இருப்பதால் அங்கே பள்ளத்தைப் பார்த்தே மாட்டுகிறார்கள்.

மேல்நூல் இரு வட்டத் தகடுகளின் நடுவே சென்று இழுவை பெறுகிறது. பாதத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கோத்தால்தான், அழுத்தம் தளரும் அமைப்புள்ள இயந்திரங்களில் நூல் தகடுகளுக்குள் சரியாக இறங்கும். இதைத் தவறவிடும்போது துணியின் அடிப்பக்கத்தில் நூல் கண்ணி கண்ணியாகத் திரள்கிறது. அடியில் தெரிவதால் பழகுபவர்கள் பாபின் கேஸின் திருகைத் திருப்பத் தொடங்குவார்கள். கோளாறு பெரும்பாலும் மேலே இருக்கும். இரு நூல்களையும் பாதத்தின் பின்பக்கம் இழுத்துவிட்டுத் தைக்கத் தொடங்க வேண்டும். துணியைக் கையால் இழுப்பது இன்னொரு தவறு. நகர்த்துவது பற்களின் வேலை. கை திசை காட்டினால் போதும், இழுத்தால் ஊசி வளைந்து ஒடியும். மிதி இயந்திரத்தில் சக்கரம் பின்னோக்கிச் சுழன்றால் நூல் அறும், சிக்கும். அதனால் நூல் கோக்காமல் கோடு போட்ட தாளில் மிதித்துப் பழகுவது பயிற்சியின் முதல் பாடமாக உள்ளது.

இந்தியாவிலும் இலங்கையிலும்

சிங்கர் நிறுவனம் 1870களில் இந்தியாவில் விற்பனையைத் தொடங்கியது. இலங்கையில் அதன் முதல் கடை 1877இல் கொழும்பு புறக்கோட்டையில் திறக்கப்பட்டது. புடவையும் வேட்டியும் தையல் தேவையில்லாத உடைகள் என்பதால் இங்கே வீட்டுப் பெண்களைவிடத் தையல்காரர்களே முதலில் இயந்திரம் வாங்கினர். அமெரிக்கக் குடும்பத்துக்கென்று விற்கப்பட்ட கருவி, இந்தியத் தெருக்களில் கடைத் திண்ணைக்கு வந்து சேர்ந்தது. ரவிக்கையும் பிள்ளைகளின் பள்ளிச் சீருடையும் பரவிய பின்னரே வீட்டுக்குள் அதற்கு வேலை கூடியது.

இயந்திரங்களைக் குறித்து ஐயம் கொண்டிருந்த காந்தி, 1924இல் ஜி. இராமச்சந்திரனுடன் நடத்திய உரையாடலில் தையல் இயந்திரத்துக்கு விலக்கு அளித்தார். மனைவி கையால் தைத்துச் சிரமப்படுவதைக் காணப் பொறுக்காமல் சிங்கர் இதைச் செய்தார் என்பது அவர் சொன்ன காரணம். பல துணைவியரும் இருபதுக்கு மேற்பட்ட பிள்ளைகளும் கொண்டிருந்த சிங்கரின் வாழ்க்கை இதற்குச் சான்று தரவில்லை. அந்த இராமச்சந்திரன்தான் பின்னாளில் தம் மனைவி டி. எஸ். சௌந்தரத்துடன் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவியவர்.

1930களில் கல்கத்தாவின் ஜெய் எஞ்சினியரிங் ஒர்க்ஸ் உஷா இயந்திரத்தை உருவாக்கியது. 1938இல் அந்நிறுவனம் லாலா ஸ்ரீராமின் நிர்வாகத்துக்கு வந்தது. சிங்கர் தன் நிறுவனரின் நடுப்பெயரான மெரிட்டை இந்தியாவில் இன்னொரு வணிகப் பெயராக்கிக்கொண்டது.

தமிழ்நாட்டில் சமூக நலத்துறை, சத்தியவாணி முத்து அம்மையார் பெயரிலான திட்டத்தின்கீழ் இலவசத் தையல் இயந்திரம் வழங்குகிறது. கணவரை இழந்தோர், கணவரால் கைவிடப்பட்டோர் போன்ற, தையல் தெரிந்த 20 முதல் 40 வயதுவரையிலான பெண்கள் விண்ணப்பிக்கலாம். ஹண்டின் மகள் யாருடைய பிழைப்பு போய்விடும் என்று அஞ்சியதாகச் சொல்லப்படுகிறதோ, அதே நிலையிலுள்ள பெண்களுக்கு இது பிழைப்பாகக் கொடுக்கப்படுகிறது. ரவிக்கை தைப்பது, பால்ஸ் அடிப்பது, பழைய உடையைப் பிடித்துக் கொடுப்பது ஆகியவை இத்தகைய வீட்டுத் தையலின் அன்றாட வேலைகள். திருப்பூர் ஆடைத் தொழிலகங்களில் ஒற்றை ஊசிப் பூட்டுத்தையல் இயந்திரத்தில் தைப்பவரை இன்றும் ‘சிங்கர் டெய்லர்’ என்றே அழைக்கிறார்கள். அவர் முன்னால் இருக்கும் இயந்திரம் ஜப்பானிய ஜூக்கியாக இருந்தாலும் அந்தப் பெயர் மாறுவதில்லை.