முசாபரி பங்களா

சந்திப்புக்கு வந்திருக்கும் நண்பர்களில் பலர் சேலத்து லாட்ஜ்களில் ரூம் போட்டிருப்பீர்கள். நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னாடி இந்தப் பக்கம் வந்தவர்கள் ராத்திரி எங்கே தங்கினார்கள்?

நம் ஜனங்களுக்குச் சத்திரம், சாவடி. அங்கேயும் ஜாதி பார்த்துத்தான் பந்தி. துரைமார்களுக்கு டிராவலர்ஸ் பங்களா. ஊர் வாயில் அது முசாபரி பங்களா. முசாபர் என்றால் வழிப்போக்கர். வாடகை கட்டினால் அறை, கட்டில், குளிக்க வெந்நீர். அந்தக் காலத்துக் கிராமத்து ஹோட்டல் அதுதான்!

1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் சேலம் சீமை திப்பு சுல்தானிடமிருந்து கம்பெனி கைக்கு வந்தது. வரி வசூல், நில அளவை என்று அதிகாரிகள் குதிரையிலும் பல்லக்கிலும் அலைந்தார்கள். அவர்கள் தங்குவதற்காகப் பெரிய ரோடுகளில் பங்களாக்கள் எழுந்தன. 1860-களின் தொடக்கத்தில் சூரமங்கலத்துக்கு ரயில் வந்ததும் அந்தப் பாதையில் பங்களாவின் தேவை குறைந்தது. ஆனால் நாமக்கல்லுக்கு ரயில் வந்தது 2013-ல்தான். அதுவரை அங்கே ரோடுதான் எல்லாம்.

இந்தக் கட்டடங்களில் நமக்குப் பாடம் உண்டு. கனத்த சுண்ணாம்புச் சுவர், உயர்ந்த கூரை, வெயில் சுவரில் படாமல் அகலமான வராண்டா, புகையும் தீயும் அண்டாமல் தள்ளிக் கட்டிய சமையலறை. கரண்ட் இல்லாமலே குளுகுளுன்னு இருக்கும்.

இன்னொரு பாடமும் உண்டு. 1871-ம் வருஷ லோக்கல் பண்டு சட்டப்படி நிலத்தின் மேல் செஸ் போட்டுத்தான் ரோடு போட்டார்கள். இந்தப் பங்களாக்களும் பிற்பாடு ஜில்லா போர்டு நிர்வாகத்தில் இருந்தவைதான். ஆக, குடியானவன் காசு. அவன் உள்ளே போக முடிந்ததா? எங்க அப்பாரு சொல்வார்: அவருடைய அப்பா பங்களாவுக்கு வண்டியில் சாமான் கொண்டுபோய் இறக்குவாராம். ராத்திரி படுக்கை வண்டிக்கு அடியில். உள்ளே எப்படியிருக்கும்னு கடைசி வரை அவருக்குத் தெரியாது.

உத்தியோகத்தில் ஒருமுறை அப்படியொரு பழைய பங்களாவை இடிக்க எஸ்டிமேட் போட நானே டேப்பும் கையுமாக உள்ளே போனேன். அவர் பார்க்காத அறையை அளந்தபோது மனசு கனத்தது.

ஜூனியர் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்க ஊரில் இப்படியொரு கட்டடம் மிஞ்சியிருந்தால், இடியும் முன் அளந்து ஒரு பிளான் வரைந்து வையுங்கள். கூடவே, யார் உள்ளே தூங்கினார்கள், யார் வெளியே தூங்கினார்கள் என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். டிராயிங்கில் அது வராது.