கற்பனை நிலமும் தேசப்படமும்: நம்பகம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

தேசப்படத்தை நோக்குவோர் பெரும்பாலும் அதனை ஐயுறுவதில்லை. நூலொன்றிற் காணப்படும் கூற்றை இதனைக் கூறியவர் யார், எவ்வாறு அறிந்தார் என வினவப் பழகிய வரலாற்று மாணவர்கூட, படத்தில் வரையப்பட்ட ஆற்றையும் மலையையும் அவ்வாறு வினவுவது அரிது. தேசப்படத்துக்குரிய இந்த நம்பகமே கற்பனை நிலங்களை வரைவோருக்கு என்றும் துணைநின்றுள்ளது. இன்றோ, எங்கும் இல்லாத உலகொன்றை எங்கோ உள்ளது போன்று சில நிமிடங்களில் வரைந்துதரும் கணினி மென்பொருள்கள் எவர்க்கும் கிடைக்கின்றன. இந்நிலை எவ்வாறு உருவாயிற்று என்பதையும், வரலாறு பயில்வோர் இதனின்று அறியத்தக்கது யாது என்பதையும் நோக்குவதே இக்கட்டுரையின் எல்லையாகும்.

கற்பனை நிலத்துக்குப் படம் வரையும் வழக்கம் புதியதன்று. தோமஸ் மூரின் 'உட்டோப்பியா' 1516இல் வெளிவந்தபோதே அத்தீவின் படமொன்றும் உடன் அச்சிடப்பட்டது. 1726இல் வெளிவந்த ஜோனதன் சுவிஃப்ட்டின் 'கலிவரின் பயணங்கள்' லில்லிப்புட் தீவைச் சுமாத்திராவுக்குத் தென்மேற்கே காட்டியது. மெய்யான கரையோரத்துக்கு அருகே வைக்கப்பட்டமையால் பொய்யான தீவும் மெய்போலத் தோன்றிற்று. ஸ்டீவன்சன் 1881இல் தீவொன்றின் படத்தை வரைந்து, அப்படத்திலிருந்தே 'புதையல் தீவு' என்னும் கதையை வளர்த்தெடுத்தார். ரொல்கீனும் தாம் படத்தை முதலில் வரைந்து, கதையை அதற்கு இயைய அமைத்ததாகக் கடிதமொன்றிற் குறிப்பிட்டுள்ளார்.

1954-1955இல் வெளிவந்த ரொல்கீனின் 'லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்' இத்துறையில் ஒரு திருப்புமுனையாகும். தூரத்தையும் பயண நாட்களையும் அவர் மிகக் கவனமாகக் கணித்தார். ஆயினும் அவரது படத்தில் மோர்தோர் நாட்டை மூன்று திசைகளிலும் மலைத்தொடர்கள் ஏறக்குறையச் செங்கோணத்தில், கோட்டை மதில்போலச் சூழ்கின்றன. இயற்கையில் மலைகள் அவ்வாறு அமைதல் அரிது. புவித்தகடுகளின் அசைவே மலைகளின் தோற்றத்துக்கு முக்கிய காரணம் என்னும் கொள்கை 1960களிலேயே அறிவியலாரிடை நிலைபெற்றது என்பதை நினைவிற் கொள்ளின் ரொல்கீனைக் குறைகூறுதல் பொருந்தாது. 1981இல் கரென் வின் பொன்ஸ்ராட் அவ்வுலகுக்கெனத் தேசப்பட நூலொன்றை வெளியிட்டார். புவியியல் பயின்ற அவர், கற்பனை மலைகளுக்கும் புவிச்சரிதவியல் முறையில் விளக்கந்தர முயன்றார். கற்பனை நிலமும் இயற்கையின் விதிகளுக்கு அமையவேண்டும் என்ற எதிர்பார்ப்பு வலுப்பெற்றமைக்கு இது சான்றாகும்.

இவ்விதிகளைக் கணினிக்குப் புகட்டிய வரலாறு கடற்கரையை அளந்ததிலிருந்து தொடங்குகிறது. அளவுகோல் சிறுக்கச் சிறுக்கக் கரையோரத்தின் நீளம் பெருகுகிறது என்பதை லூயிஸ் பிரை ரிச்சர்ட்சன் கண்டார். அதனை அடிப்படையாகக் கொண்டு, பிரித்தானியாவின் கரையோரம் எவ்வளவு நீளமானது என்னும் வினாவை மண்டல்புரோட் 1967இல் எழுப்பினார். கரையோரத்தின் சிறு வளைவும் அதன் பெருவளைவை ஒத்திருக்கிறது. ஆகவே ஒரே செய்கையைத் திரும்பத் திரும்பச் செய்து அதனை ஆக்கலாம் என்பது தெளிவாயிற்று. 1980இல் லோரன் கார்ப்பென்ரர் முக்கோணங்களை மேலும் மேலும் பிரித்து மலைநிலம் ஒன்றை உருவாக்கி, குறும்படமாகக் காட்டினார். 1985இல் கென் பேர்லின் வெளியிட்ட கணித முறை, ஒழுங்கற்றதாயினும் தொடர்ச்சி குன்றாத மேற்பரப்புகளை ஆக்க வழிசெய்தது. 1989இல் மஸ்கிரேவ் முதலானோர் நீர் நிலத்தை அரித்துச் செல்லும் செயலையே கணிப்பிற் கொணர்ந்தனர்.

இன்று கற்பனை உலகின் படம் வரைபவர் இவ்வழியையே பின்பற்றுகின்றார். முதலில் புவித்தகடுகளை வகுத்து, அவை மோதுமிடத்தில் மலைகளை எழுப்புகின்றார். உயர நிலத்திலிருந்து தாழ்நிலம் நோக்கி நீர் வழியும் பாதையைக் கணினி காண, ஆறுகள் பிறக்கின்றன. அகலக்கோட்டையும் காற்றின் திசையையும் கொண்டு மழை கணிக்கப்பட, மலையின் காற்றுப்பக்கத்தில் காடும் மறுபக்கத்தில் வறள்நிலமும் அமைகின்றன. ஆற்றுமுகங்களில் நகரங்கள் தோன்றுகின்றன. ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. ஆனால், காரணம் உண்மையாயிருத்தல் வேறு. பொருள் உண்மையாயிருத்தல் வேறு. இவ்வேறுபாட்டை மறந்ததால் விளைந்த பிழைகளுக்கு மெய்யான தேசப்படங்களின் வரலாற்றிலேயே எடுத்துக்காட்டுகள் உள.

வங்காளத்தின் நில அளவைத் தலைவராக விளங்கிய ஜேம்ஸ் ரெனல் தம் காலத்தின் தலைசிறந்த புவியியலாளருள் ஒருவர். மங்கோ பார்க்கின் ஆபிரிக்கப் பயண நூல் 1799இல் வெளிவந்தபோது அதற்குப் படம் வரைந்தவர் அவரே. நைஜர் நதி கிழக்கு நோக்கி ஓடுவதைப் பார்க் நேரிற் கண்டிருந்தார். அந்நதி தெற்கே திரும்பிக் கடலை அடைவதில்லை என ரெனல் கருதினார். அதனைத் தடுக்க மலையொன்று வேண்டுமல்லவா? பார்க் கூறிய சிறு குறிப்புகளைக்கொண்டு, மேற்கு ஆபிரிக்காவின் குறுக்கே 'கொங் மலைத்தொடர்' வரையப்பட்டது. நதி கினி வளைகுடாவிலேயே கலக்கிறது என்பதை 1830இல் லாண்டர் சகோதரர் கண்டறிந்தனர். மலை மட்டும் படங்களிலிருந்து அகலவில்லை. 1887-1889இல் பேன்ஜே என்னும் பிரெஞ்சுப் பயணி அப்பகுதியைக் கடந்துசென்று, அத்தகைய மலைத்தொடர் இல்லையென அறிவித்தார். ஏறக்குறைய 90 ஆண்டுகள், ஓர் அனுமானம் மலையாக நின்றது.

ரெனல் பொய்யுரைத்தாரல்லர். ஆற்றின் போக்குக்கு மலை காரணமாகலாம் என்ற விதி சரியானதே. இன்று கணினி பின்பற்றும் விதியும் அதுவே. எனினும் விதியிலிருந்து பெறப்பட்ட மலை, அளந்தறியப்பட்ட மலையைப்போலவே, அதே மையினாலும் அதே குறியீட்டினாலும் வரையப்பட்டது. படம் இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காட்டவில்லை.

இவ்விடயம் தமிழ் மாணவராகிய நமக்கும் அயலானதன்று. 1864இல் பிலிப் ஸ்கிளேற்றர் என்னும் விலங்கியலார், மடகாஸ்கரில் வாழும் லெமூர் இனங்களின் பரம்பலை விளக்குவதற்காக, இந்து சமுத்திரத்தில் 'லெமூரியா' என்னும் கண்டம் முன்பு இருந்திருக்கலாம் என்றார். தகட்டோட்டக் கொள்கை நிலைபெற்றபின் அக்கருதுகோளுக்குத் தேவை இல்லாது போயிற்று. அதற்கு முன்னரே தமிழறிஞர் சிலர் அதனைக் குமரிக்கண்டத்தோடு இணைத்திருந்தனர். 20ஆம் நூற்றாண்டில் மலைகளும் ஆறுகளும் நாடுகளும் பெயர் குறித்துப் படங்களில் இடம்பெற்றன. கடல்கொண்ட நிலம் பற்றிய நினைவு சிலப்பதிகாரத்திலும் உரைகளிலும் உண்டு. அது மதித்து ஆராயத்தக்கது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் ஏறத்தாழ 120 மீற்றர் தாழ்ந்திருந்ததும் இலங்கை இந்தியாவோடு நிலத்தால் இணைந்திருந்ததும் அறிவியல் ஏற்ற உண்மைகள். ஆனால் மடகாஸ்கர்வரை பரந்த கண்டம் அவ்விலக்கியங்களிலும் இல்லை, கடலடியிலும் இல்லை. ஆனைக்கோட்டையிலும் கந்தரோடையிலும் மண்ணிலிருந்து அகழ்ந்தெடுத்த சான்றுகளை உலகின்முன் வைப்போர், அவற்றோடு இப்படத்தையும் சேர்த்து வைப்பின், மெய்ச்சான்றின் மதிப்பும் குன்றிவிடும்.

கற்பனை உலகின் படத்தை வரைபவர்மீது குற்றமில்லை. தாம் வரைவது கற்பனை என்பதை அவர் மறைப்பதில்லை. நிலம், நீர், காற்று ஆகியவற்றின் தொடர்பை அறிவதற்கு அம்முயற்சி நல்ல பயிற்சியுமாகும். கணினி வரைந்த படத்தின் கரையோரம் அழகாயிருப்பதும் ஆறுகள் ஒழுங்காய் ஓடுவதும் இனி உண்மைக்குச் சான்றாகா என்பதே நாம் கொள்ளவேண்டிய எச்சரிக்கை. வரலாற்று மாணவர் படத்தையும் ஒரு சாசனமாகவே வாசித்தல் வேண்டும்: அளந்தவர் யார், எப்போது அளந்தார், எப்பகுதி கண்டது, எப்பகுதி கருதியது என வினவுதல் வேண்டும்.

ரெனலுக்கு அரைநூற்றாண்டு முன்னர், 1749இல், டான்வில் என்னும் பிரெஞ்சுப் படவரைஞர் ஆபிரிக்காவின் படமொன்றை வெளியிட்டார். நம்பத்தக்க செய்தி கிடைக்காத உட்பகுதிகளை அவர் வெறுமையாகவே விட்டார். அவ்வெறுமை அவரது அறியாமையின் அடையாளமன்று. அறிந்ததன் எல்லையை அறிந்தமைக்கு அடையாளம். கணினி வெற்றிடம் எதனையும் விட்டுவைப்பதில்லை. எங்கே வெற்றிடம் விடவேண்டும் என்று தீர்மானிக்கும் பொறுப்பு இன்றும் மனிதரிடமே இருக்கிறது.