ஆகஸ்டு முதல் நாள் கணக்கு

போடிநாயக்கனூரில் பொழுது புலர்வதற்கு முன்பே ஜீப்புகள் புறப்பட்டுவிடுகின்றன. ஏலத்தோட்டங்களில் காய் எடுக்கச் செல்லும் பெண்களை நெருக்கமாக ஏற்றிக்கொண்டு, போடிமெட்டின் வளைவுகளில் ஏறி, எல்லையைக் கடந்து, கேரளத்து இடுக்கி மாவட்டத் தோட்டங்களில் இறக்கிவிட்டு, மாலையில் திரும்பக் கொண்டுவருகின்றன. மேலே தோட்டத்திலேயே மாதக்கணக்கில் தங்கிவிடும் குடும்பங்களும் உண்டு. ஆடி, ஆவணியில் சூடுபிடிக்கும் ஏலக்காய்ப் பறிப்பு தை, மாசி வரை நீளும். தாய் மலைக்குப் போனால் தம்பியைப் பார்த்துக்கொள்ள அக்காள் வீட்டில் நின்றுவிடுவாள். குடும்பமே போனால் பிள்ளைகளும் உடன் போய்விடுவார்கள்.

இனிப் பள்ளிக்கூடத்தின் கணக்கைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியாயினும் அரசு உதவிபெறும் பள்ளியாயினும், எத்தனை ஆசிரியர் பணியிடம் என்பது ஆகஸ்டு 1ஆம் நாளன்று பதிவேட்டில் உள்ள மாணவர் எண்ணிக்கையைக் கொண்டு நிர்ணயிக்கப்படுகிறது. எண்ணிக்கை குறைந்தால் ஆசிரியர் 'உபரி' ஆகிறார். பணி நிரவலில் வேறு ஊருக்குப் போகிறார். மலையில் காய் எடுப்பு சூடுபிடிக்கும் வேளையும், அடிவாரத்தில் தலை எண்ணும் நாளும் இவ்வாறு ஒன்றையொன்று சந்திக்கின்றன. எவரும் தீய எண்ணத்தோடு இதை அமைத்துவிடவில்லை. ஆயினும் அந்தச் சந்திப்பில் இழப்பது யார் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

பிள்ளைகளை எண்ணிப் பணம் தரும் வழக்கம் நேற்றுத் தோன்றியதன்று. 1854ஆம் ஆண்டின் உட்ஸ் கல்வி அறிக்கை, தனியார் பள்ளிகளுக்கு அரசு மானியம் வழங்கும் முறையை இந்நாட்டில் நிலைநாட்டியது. நம் மறைப்பணியாளர்கள் நடத்திய பள்ளிகள் பலவும் அம்மானியத்தால் வளர்ந்தவையே. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில், சென்னை மாகாணத்தில் தேர்ச்சிக்கேற்ப மானியம் தரும் முறையும் நடப்பில் இருந்தது. ஆய்வாளர் வருவார்; பிள்ளைகளைச் சோதிப்பார்; தேறியவர் தொகைக்கு ஏற்பப் பணம் கிடைக்கும். நோயுற்ற பிள்ளையும், விதைப்புக்கோ அறுவடைக்கோ போன பிள்ளையும் அந்த ஒரு நாளில் பள்ளிக்கு நட்டமாகவே தெரிந்தனர். கணக்கு எளிதாயிருந்தது, அதன் சுமை எளியவர் தோளில் விழுந்தது.

விடுதலைக்குப் பின் இதே கேள்வி வேறு வடிவில் எழுந்தது. பதினான்கு வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வியைப் பத்தாண்டுகளுக்குள் வழங்க முயல வேண்டும் என்று அரசியலமைப்பின் 45ஆவது பிரிவு பணித்திருந்தது. பிள்ளைகளோ மிகுதி, ஆசிரியரும் பணமும் குறைவு. 1953இல் முதலமைச்சர் இராஜாஜி ஒரு வழி கண்டார். கிராமப்புற ஆரம்பப் பள்ளிகளில் நாளொன்றுக்கு மூன்று மணி நேரமே பாடம். மற்ற நேரத்தில் பிள்ளை தன் குடும்பத் தொழிலைக் கற்கலாம். அதே கட்டடம், அதே ஆசிரியர், ஆனால் இரண்டு வேளைகளில் இரண்டு மடங்கு மாணவர். ஏட்டளவில் அது திறமையான தீர்வாகவே தோன்றியது. ஆனால் செருப்புத் தைப்பவர் மகன் மீதி நேரத்தில் எதைக் கற்பான், தோட்டக் கூலியின் மகள் எதைக் கற்பாள் என்று மக்கள் கேட்டனர். 'குலக்கல்வித் திட்டம்' என்ற பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. 1954 ஏப்ரலில் காமராசர் முதலமைச்சரானார். அடுத்த மாதமே அத்திட்டம் கைவிடப்பட்டது.

பண நெருக்கடி அதனால் தீர்ந்துவிடவில்லை. காமராசரும், பொதுக்கல்வி இயக்குநராயிருந்த நெ. து. சுந்தரவடிவேலுவும் கேள்வியையே திருப்பிப் போட்டனர். எத்தனை பிள்ளைகள் வந்தால் பள்ளி என்று கேளாமல், பள்ளி எவ்வளவு அருகில் இருந்தால் பிள்ளை வரும் என்று கேட்டனர். சிற்றூர்களுக்கும் ஓராசிரியர் பள்ளிகள் சென்றன. பசி தடுத்த பிள்ளைகளுக்காக 1956இல் மதிய உணவுத் திட்டம் வந்தது. ஊரார் பிடியரிசியும் நன்கொடையும் அதில் கலந்தன. அன்றைய அரசு இன்றைய அரசைவிடச் செல்வம் படைத்ததன்று. ஆயினும், வராத பிள்ளையைச் செலவுக் குறைப்பாகக் கருதாமல், தான் செய்து முடிக்காத கடமையாக அது கருதியது.

பிறகு காற்று மெல்லத் திசை மாறியது. 1991-92ஆம் கல்வியாண்டு முதல், புதிதாகத் தொடங்கும் தனியார் பள்ளிகளுக்கு மானியம் இல்லை என்று மாநில அரசு முடிவு செய்தது. கட்டணம் வாங்கும் பள்ளிகள் நகரங்களில் பெருகின. அரசுப் பள்ளிகளிலும் உதவிபெறும் தமிழ்வழிப் பள்ளிகளிலும் பதிவேடுகள் மெலிந்தன. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், அறுபது பிள்ளைகள் வரையுள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர் என வரையறுத்தது. ஐந்து வகுப்புகளுக்கு இருவர்! ஒருவர் கூட்டத்திற்கோ தேர்தல் பணிக்கோ போனால், எஞ்சியவர் ஐந்து வகுப்புகளையும் ஓர் அறையில் அமர்த்தி மேய்க்க வேண்டியதுதான். அதைக் கண்ட பெற்றோர் பிள்ளையை வேறிடம் சேர்ப்பர்; எண்ணிக்கை மேலும் குறையும்; ஆசிரியரும் குறைவார். 2019இல், ஒரு மாணவரும் இல்லாத 46 பள்ளிகளைத் தற்காலிக நூலகங்களாக மாற்ற மாநில அரசு முடிவெடுத்த செய்தி இந்தச் சுழற்சியின் கடைசிப் பக்கத்தைக் காட்டியது.

மாநிலத்துக்கு மேலும் இதே கதைதான். 2024-25ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு ஒன்றிய அரசின் பங்காக வரவேண்டியிருந்த சுமார் 2,152 கோடி ரூபாய், வேறொரு திட்டத்தில் மாநிலம் கையெழுத்திடாததையொட்டி நிறுத்திவைக்கப்பட்டது. 2025 மே மாதத்தில் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. இரு அரசுகளின் வாதங்களையும் நீதிமன்றம் சீர்தூக்கட்டும். அடிவாரத்துப் பள்ளியின் பிள்ளை இரண்டு தரப்பிலும் கையெழுத்திடவில்லை என்பதை மட்டும் நாம் மறவாதிருப்போம்.

அரசைக் கேட்கும் நாம் நம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டும். 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கை, அரசின் உதவி நீதியோடு பங்கிடப்பட வேண்டும் என்கிறது. அதே அறிக்கை, பொருளில் வறியவர்களுக்குக் கத்தோலிக்கப் பள்ளிகள் தனிப்பட்ட அக்கறை காட்ட வேண்டும் என்றும் பணிக்கிறது. முதல் வரியை அரசு அலுவலகங்களில் நாம் உரக்கச் சொல்கிறோம். இரண்டாவதை நமக்குள் மெல்லச் சொல்கிறோம். பழைய தமிழ்வழிப் பள்ளியின் வளாகத்திலேயே ஆங்கிலவழிப் பள்ளியை எழுப்பி, ஓர் எண்ணிக்கையை மற்றொன்றால் விழுங்கச் செய்தவர்களில் குருக்களாகிய நாங்களும் உண்டு. அதற்கு நியாயங்கள் இருந்தன, பெற்றோர் விரும்பினர். ஆனால் கட்டணம் செலுத்த இயலாத தோட்டத் தொழிலாளியின் பிள்ளைதான் மெலிந்த பள்ளியில் எஞ்சி நின்றது.

விவிலியம் இருவகை எண்ணிக்கைகளை நமக்குக் காட்டுகிறது. தாவீது அரசர் தம் படைவலிமையை அறிய மக்களை எண்ணினார். பின்னர் அதற்காக மனம் வருந்தினார். நற்செய்தியின் ஆயரும் எண்ணுகிறார். எண்ணியதால்தான் நூறில் ஒன்று குறைவதை அவர் அறிந்தார். ஆனால் தொண்ணூற்றொன்பதுக்கேற்பத் தொழுவத்தைச் சுருக்கிக்கொள்ள அவர் எண்ணவில்லை. காணாமற்போன ஒன்றைத் தேடிப் புறப்படுவதற்காகவே எண்ணினார். எண்ணுவது பிழையன்று. எதற்காக எண்ணுகிறோம் என்பதே கேள்வி.

இம்மலைச்சரிவுக்குப் பொருந்தும் கணக்கு ஒன்று வேண்டும். காய் எடுக்கும் பருவத்தில் ஒருமுறையும் அது முடிந்த பின் ஒருமுறையும் எண்ணலாம். எண்ணிக்கை எதுவாயினும் மலைப்பள்ளிக்குக் குறையாத ஆசிரியர் அளவு ஒன்றை வைக்கலாம். பெற்றோர் மலையேறும் மாதங்களில் பிள்ளைகள் கீழே தங்கிப் படிக்க விடுதி அமைக்கலாம். எல்லை தாண்டிய பிள்ளை எந்த மாநிலத்துப் பதிவேட்டில் இருக்கிறது என்பதை இரு மாநிலங்களும் தமக்குள் கேட்டறியலாம்.

இவற்றைக் கேட்கும் உரிமை பொதுநிலையினராகிய உங்களுக்கு உண்டு. கல்வி உரிமைச் சட்டத்தின்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோரே. அடுத்த கூட்டத்தில் அமருங்கள். எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதோடு நின்றுவிடாமல், சென்ற ஆண்டு இருந்து இவ்வாண்டு இல்லாத பிள்ளைகளின் பெயர்களைக் கேளுங்கள். அப்பெயர்களை எடுத்துக்கொண்டு யாராவது ஒருவர் மலையேறினால், ஆகஸ்டு முதல் நாள் கணக்கு அன்று நற்செய்தியின் கணக்காகும்.