தோட்டத்துப் பறவையும் சந்தைப் பறவையும்: கல்கத்தாவின் பறவையியல் வரலாற்றில் ஓர் இடைவெளி

பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கல்கத்தாவில் பறவை பற்றிய அறிவு அருங்காட்சியகத்திற்கு வெளியே இரண்டு இடங்களில் உருவானது. ஒன்று ஐரோப்பியரின் வீட்டுத் தோட்டம்; மற்றொன்று பறவைகள் விலைபோன சந்தை.

தோட்டத்தில் நிகழ்ந்தது நோக்கல். கல்கத்தாவில் மருத்துவ ஆய்வாளராகப் பணியாற்றிய டி. டி. கன்னிங்ஹாம், தெருக்களிலும் தோட்டங்களிலும் தாம் கண்ட பறவை, விலங்குகளின் இயல்புகளை 1903இல் நூலாக்கினார். காகமும் மைனாவும் அதில் உயிருள்ள அண்டை வீட்டாராகவே இடம்பெறுகின்றன.

நகரின் கிழக்கே பரந்திருந்த உப்பேரிகளின் நிலை வேறு. நீர்ப்பறவைகளை அறிஞர்கள் பெரும்பாலும் சந்தையிலேயே சந்தித்தனர். 1841 முதல் 1862 வரை ஆசியக் கழக அருங்காட்சியகத்தின் காப்பாளராக இருந்த எட்வர்டு பிளைத், தம் மாதிரிகளுள் பலவற்றை அங்குதான் பெற்றார். நூற்றாண்டின் இறுதியில் பிராங்க் ஃபின் வாத்துகளை ஆராய்ந்ததும் அங்கேதான். பல பதிற்றாண்டுகளாக இயற்கையில் உறுதியாகக் காணப்படாத இளஞ்சிவப்புத் தலை வாத்தும் அக்கடைகளில் தொங்கியதுண்டு.

இதனால் விளைந்த சிக்கல் சிறிதன்று. 'கல்கத்தாச் சந்தை' என்னும் குறிப்பு, பறவை விற்கப்பட்ட இடத்தைக் கூறுமேயன்றி வாழ்ந்த இடத்தைக் கூறாது. அது உப்பேரியில் பிடிபட்டதா, தொலைவிலிருந்து கொண்டுவரப்பட்டதா என்பதை அறிந்திருந்தோர் வலை விரித்தவர்களே. வாங்கியவரின் பெயர் சிற்றினப் பெயர்களில் நிலைத்தது. பிடித்தவரின் பெயர் பதிவேட்டில் ஏறவில்லை. அவர்தம் பெயரோடு இடம் பற்றிய அறிவும் மறைந்தது.

1962இல் தொடங்கிய மண்நிரப்பும் பணியால் உப்பேரிகளின் ஒரு பகுதி சால்ட் லேக் நகரமாயிற்று. எஞ்சிய கிழக்குக் கொல்கத்தா ஈரநிலங்கள், ஏறத்தாழ 12,500 எக்டேர், 2002இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. அங்கு இழக்கப்பட்ட பறவைகள் எவை என்று மதிப்பிட, பழைய பதிவுகளையே இன்று நாடவேண்டியுள்ளது. சந்தைக் குறிப்பை வாழிடச் சான்றாகக் கொண்டால் இழப்பின் கணக்கே பிழைபடும். முற்றிலும் ஒதுக்கினாலோ இழப்பே இல்லையென்றாகிவிடும். ஒவ்வொரு மாதிரியும் எவ்வழியே சந்தையை அடைந்தது என்று வினவுவதே வரலாற்றாய்வு இங்குச் சூழலியலுக்குச் செய்யக்கூடிய முதன்மையான உதவி.