ஒரே கம்பியில் இரண்டு பாதைகள்

என் மேசை இழுப்பறையில் பழைய மோடம் ஒன்று கிடக்கிறது. இன்னும் ஏன் அதை வைத்திருக்கிறீர்கள் என்று வீட்டில் கேட்கிறார்கள். காரணத்தை எழுதிவைக்கிறேன். நம் வயதுக்காரர்களுக்குப் பழைய கதையும் நினைவுக்கு வரும்.

தொலைபேசிக் கம்பியைப் பேச்சுக்கு மட்டுமல்லாமல் வேறு காரியத்துக்கும் பயன்படுத்தலாம் என்று முதலில் எனக்குத் தெரியவந்தது பிரான்சில் இருந்த உறவினர்களின் கடிதங்களில்தான். அங்கே 1982 முதல் 'மினித்தெல்' என்ற சிறு பெட்டியை வீடுகளுக்குக் கொடுத்தார்கள். அதிலேயே ரயிலுக்கு முன்பதிவு செய்வார்களாம். 2012 ஜூன் 30 வரை அது ஓடியது.

நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணையம் 1995 ஆகஸ்ட் 15 அன்று வந்தது. வி.எஸ்.என்.எல். அதைத் தொடங்கியது. அப்போது வேகம் நொடிக்கு 9.6 கிலோபிட். பின்னாளில் 56 வரை ஏறியது. மோடம் 'கீ...கர்ர்' என்று கத்தி ஓயும்வரை காத்திருப்போம். இணையத்தில் இருக்கும்வரை வீட்டுக்குத் தொலைபேசி வராது.

2004-இல் மத்திய அரசு வெளியிட்ட அகலப்பட்டைக் கொள்கை குறைந்தபட்ச வேகத்தை 256 கிலோபிட் என்று வகுத்தது. அடுத்த ஆண்டு முதல் பிராட்பேண்ட் வீடு வீடாக வந்தது. வந்ததும் அதே செம்புக் கம்பியில்தான். பேச்சு கீழ் அலைவரிசையில் போகும், பிராட்பேண்ட் அதற்கு மேலே போகும். 'ஸ்ப்ளிட்டர்' என்ற சிறு டப்பா இரண்டையும் பிரித்துவிடும். அதனால் பிராட்பேண்ட் கருவி பழுதானாலும் தொலைபேசியில் டயல் டோன் இருக்கும். டோன் இருந்தால் பழைய டயல்-அப்பும் கிடைக்கும்.

என் கணினியில் இருந்தது லினக்ஸ். 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற பின்லாந்து மாணவர் தொடங்கிவைத்தது. காசில்லை என்பதால் வைத்தேன், பழகியதால் விடவில்லை. கணினிக்குள்ளேயே பொருத்தும் மலிவு மோடம்கள் பலவும் விண்டோஸை நம்பியே வேலை செய்யும், லினக்ஸில் ஓடாது. ஆகவே வெளியில் வைக்கும் மோடம் வாங்கினேன். இழுப்பறையில் இருப்பது அதுதான்.

2008 கார்த்திகை மழையில் ஒரு நாள் பிராட்பேண்ட் விளக்கு எரியவில்லை. பக்கத்து வீட்டுச் சொல்தா அண்ணன் மகனின் பிரெஞ்சுக் குடியுரிமைக் கோப்புக்கு, பிறப்புச் சான்றிதழின் நகலை அன்றைக்கே மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். மோடத்தை இணைத்து டயல் செய்தேன். இணைப்பு கிடைத்தது. ஆனால் ஒரு பக்கமும் திறக்கவில்லை. அண்ணன் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அரை மணி நேரம் கழித்துத்தான் புரிந்தது. ஆபீசில் ஒரு அதிகாரி பொறுப்பை ஒப்படைக்காமல் லீவில் போய்விட்டால் என்ன ஆகும்? புதியவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், தபால் எல்லாம் பழைய மேசைக்கே போய்க் குவியும். லினக்ஸும் அப்படித்தான் செய்தது. வெளியே போகும் முதன்மைப் பாதையாக பிராட்பேண்ட் பெயரே பதிவாகியிருந்தது. டயல்-அப் இணைப்பைக் கொடுக்கும் நிரல், முன்பே ஒரு பாதை பதிவாகியிருந்தால் அதைத் தானாக மாற்றாது. 'ரவுட்' என்ற கட்டளையால் பழைய பதிவை நீக்கி டயல்-அப்பைச் சேர்த்தேன். பெயரைச் சொன்னால் எண் சொல்லும் முகவரிக் கோப்பும் இன்னும் பிராட்பேண்ட் கருவியையே காட்டிக்கொண்டிருந்தது. அதையும் திருத்தினேன்.

நகல் ஒன்றரை மெகாபைட். அந்த டயல்-அப் இணைப்பில் அனுப்பும் வேகம் அதிகம் போனால் 33.6 கிலோபிட்தான். போய்ச் சேரப் பத்து நிமிடம் பிடித்தது. 'போய்விட்டது' என்று நான் சொன்ன பிறகுதான் அண்ணன் காப்பியைத் தொட்டார்.

பிராட்பேண்ட் திரும்பியதும் மறுபடி அதே வேலை, தலைகீழாக. அன்றே இரண்டுக்கும் தனித்தனிக் கட்டளைக் கோப்பு எழுதிவைத்தேன். பிறகு நெட்வொர்க் மேனேஜர் போன்ற நிரல்கள் இந்தப் பொறுப்பு மாற்றத்தைத் தாமே பார்த்துக்கொண்டன.

இப்போது வீட்டில் ஃபைபர். செம்புக் கம்பி போய்விட்டது, அதனோடு அந்த இரண்டாவது வழியும் போனது. மோடத்துக்கு இனி வேலையில்லை என்று எனக்கும் தெரியும். மாற்று வழி கையில் இருந்தால் மட்டும் போதாது, பொறுப்பை அதன் பேருக்கு எழுதிக்கொடுக்கவும் வேண்டும் என்று கற்றுக்கொடுத்தது அது. அதனால்தான் தூக்கிப் போட மனம் வரவில்லை.